கல்வியியலில் முதுநிலை: மூன்று இடங்களில் எதை எடுப்பது?

கேள்வி: ஆறு வருடமாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எட்., எம்.ஏ. கல்வியியல், இணையவழி முதுநிலை என்று மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசையில் மேலே இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தரவரிசை பெரும்பாலும் மொத்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது. நீங்கள் படிக்கப் போவதோ அதில் ஒரு துறையில், இரண்டு மூன்று ஆசிரியர்களிடம்.

முதலில் வகுப்பில் உங்களை விடாமல் உறுத்தும் கேள்வி எதுவென்று பாருங்கள். மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/3-ஐவிட 1/4 பெரியது என்று ஒரு பிள்ளை அடித்துச் சொல்கிறது. அது ஏன் அப்படி யோசிக்கிறது, எந்தப் படம் போட்டால் புரியும்? இதுதான் உங்கள் கேள்வி என்றால் கணிதக் கல்வியில் ஆய்வு செய்பவர் இருக்கும் துறைக்குப் போங்கள். பாடம் தெரிவது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிவது தனி அறிவு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அந்த அறிவை வளர்க்கப் பொதுவான கற்பித்தல் வகுப்புகள் மட்டும் போதாது. பாடத்திட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வியா? அப்படியென்றால் கொள்கை, சமூகவியல் பக்கம் வலுவான இடம் வேண்டும். தலைமையாசிரியர் ஆவதுதான் நோக்கம் என்றால் கல்வி நிர்வாகம்.

பட்டத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். எம்.எட். ஓரிடத்தில் தொழில்முறைப் படிப்பு, இன்னோரிடத்தில் ஆய்வேடு உள்ள படிப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920இல் தொடங்கிய எட்.டி. என்ற கல்வியியல் முனைவர் பட்டத்தைப் பிற்பாடு கைவிட்டு பிஎச்.டி.க்கு மாறியது. பெயர்கள் இப்படித்தான் இடம்மாறும். பிற்பாடு முனைவர் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால், ஆய்வேடு இல்லாத முதுநிலையை எடுக்காதீர்கள். சேர்க்கையின்போது அது பல இடங்களில் தடையாக நிற்கும்.

அப்புறம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, துறையின் பழைய ஆய்வேடுகளில் நான்கைந்தைத் திறந்து, ஆய்வு முறை பற்றிய இயலை மட்டும் படியுங்கள். மாணவர் எத்தனை நாள் வகுப்பறையில் உட்கார்ந்தார், பிள்ளைகள் பேசியதை அப்படியே பதிந்தாரா, இல்லை ஒரு வினாத்தாளைக் கொடுத்துச் சதவீதம் மட்டும் போட்டாரா என்று தெரிந்துவிடும். கையேட்டின் பளபளப்பான பக்கங்கள் இதைச் சொல்லாது. இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள்: வரைவைக் கொடுத்தால் நெறியாளர் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்?

இணையவழிப் படிப்பைத் தரம் குறைந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்த வகுப்பையே ஆய்வுக் களமாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டென்றால், வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு அது பெரிய வசதி. ஆனால் பதவி உயர்வுக்கோ சம்பள உயர்வுக்கோ இந்தப் பட்டத்தை நம்பியிருந்தால், அது செல்லும் என்று உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், அதுவும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே. வாய்வார்த்தையை நம்பி இரண்டு வருடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். செலவுக் கணக்கில், வேலையை விட்டுப் படித்தால் இழக்கும் சம்பளத்தையும் சேருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியவில்லையா? அந்த பின்னக் கேள்வியை ஐந்து வரியில் எழுதி, மூன்று துறைகளிலும் ஒவ்வொரு ஆசிரியருக்கு அனுப்புங்கள். "அந்தப் பிள்ளை என்ன படம் வரைந்தது?" என்று யார் திருப்பிக் கேட்கிறாரோ, அவரிடம் படிக்கப் போங்கள்.