சுங்குடிக்கு 'பேட்டன்ட்' வாங்கித் தருகிறேன் என்று வந்தால்...

கேள்வி: துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சுங்குடிச் சேலைக்குப் பரம்பரையாக முடிச்சுப் போடும் குடும்பம் எங்களுடையது. நான் கட்டிய புது டிசைனை ஒரு கடைக்காரர் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்து 'மதுரை சுங்குடி' என்று விற்கிறார். 20,000 ரூபாய் கொடுத்தால் பேட்டன்ட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, வில்லாபுரம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பேட்டன்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்குத் தரும் உரிமை; சேலை டிசைனுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அந்தச் சொல்லைச் சொல்லிப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு (ஜிஐ), அதாவது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. அது காப்பது பெயரை. பிரிண்ட் துணியை அந்தப் பெயரில் விற்பது குற்றம். ஆனால் நீங்களே வழக்குப் போட வேண்டுமானால், 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்', அதாவது அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் என்று உங்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஜிஐ-3 படிவம் கொடுங்கள். 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பத்து ரூபாய் வேலைக்கு இருபதாயிரம் கேட்கிறார் அந்த ஆள்!

அப்புறம் இன்னொரு வலை: "உங்கள் பயனாளர் சான்றிதழை என் கடைக்கு எழுதிக் கொடுங்கள், மாதாமாதம் பணம் தருகிறேன்" என்பார்கள். இந்த உரிமையை விற்கவோ, வாடகைக்கு விடவோ, அடகு வைக்கவோ சட்டம் இடம் தரவில்லை. ஒரே விதிவிலக்கு, பயனாளர் இறந்துபோனால் உரிமை வாரிசுக்குப் போகும். அதுவும் இறந்த பிறகுதான். "உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு மாற்றித் தருகிறேன்" என்று சொல்லி யாராவது பத்திரத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். மகனும் முடிச்சுப் போடுகிறவர் என்றால் அவர் பெயரில் தனியாக விண்ணப்பியுங்கள்.

டிசைன் பதிவு வேறு சட்டம். 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் வெளியே வந்துவிட்ட டிசைனைப் பதிய முடியாது. இதற்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்த டிசைனை விண்ணப்பம் போடும்வரை கடைக்காரரிடம் காட்டாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைக்காதீர்கள்.

பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகப் போலீஸுக்குப் போகலாம். ஆனால் டிஎஸ்பி அந்தஸ்து அதிகாரியே சோதனை போடுவதற்கு முன் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். கடிதம் போய்வருவதற்குள் சித்திரைத் திருவிழா வியாபாரமே முடிந்துவிடும். எளிய நெசவாளர் ஊருக்கு இப்படி ஒரு விதியா?

அதனால் ஆதாரத்தை இப்போதே எடுத்துவையுங்கள். அந்தக் கடையில் ஒரு சேலை வாங்குங்கள், பில்லில் 'மதுரை சுங்குடி' என்று எழுதச் சொல்லுங்கள். முடிச்சில் விழுந்த புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். பிரிண்ட் புள்ளி அத்தனையும் ஒரே அளவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.