“ஐஸ்கிரீம் குடிக்கவா பழக்குகிறீர்கள்?”

கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல் சூழ்ந்த படுவான்கரையில் ஒரு சிறிய முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 3 வயது முதல் 5 வயது வரை 24 பிள்ளைகள். உதவிக்கு ஒருவர் இருக்கிறார். காலை பத்தரைக்கு ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டுக் கேட்டதும் பாடம் அப்படியே நின்றுவிடும். இவ்வளவு பிடித்ததையே பாடமாக்கிவிட்டால் என்ன என்று, அடுத்த மாதம் ஒரு வாரத்தை ‘ஐஸ்கிரீம் வாரம்’ ஆக்கத் திட்டமிட்டேன். இணையத்திலிருந்து கோன் படங்களை அச்செடுத்து, நிறம் தீட்டவும் வெட்டி ஒட்டவும் கொடுக்கலாம் என்று எண்ணம். கையில் 2000 ரூபாய்தான் இருக்கிறது. முன்பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாய், “எழுத்துப் படிக்க அனுப்பினால் நீங்கள் ஐஸ்கிரீம் குடிக்கவா பழக்குகிறீர்கள்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நடத்துவதா, விடுவதா?

— முன்பள்ளி ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்

அன்புத் தங்கைக்கு,

நடத்துங்கள். அச்செடுக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

24 பிள்ளைகளுக்கு 24 கோன் படங்கள். அத்தனையையும் முதல் நாள் இரவு வீட்டில் இருந்து வெட்டப்போவது நீங்கள். மறுநாள் பிள்ளைக்கு மிஞ்சுவது பசை தடவும் வேலை ஒன்றுதான். நானும் பல வருடங்கள் இப்படித்தான் சுவரை நிரப்பினேன். ஒருமுறை ஒரு சிறுவனிடம், “இதில் உன்னுடையது எது?” என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பெயர் எழுதினது நீங்கள்தானே ரீச்சர், நீங்களே பாருங்கள்” என்றான். அன்றோடு அச்சுப்படம் எனக்கு வெறுத்துவிட்டது.

பிள்ளை வண்டியைக் கண்டு ஓடுவது குளிருக்கும் இனிப்புக்கும், முழங்கை வரை ஒழுகுவதை நக்குவதற்கும். ஆகவே அந்த வாரம் உங்கள் அறையில் உண்மையான ஐஸ் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தினமும் இரண்டு தட்டு ஐஸ் உறைய வைத்து, மீன்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு ரெஜிபோம் பெட்டியில் கொண்டு வந்தால் முதல் மூன்று நாட்களுக்குப் போதும்.

அந்தத் தாயிடம் கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்கு ஒரு நல்ல பாடத்தைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் ‘குடிப்போம்’ என்றுதானே சொல்கிறோம்? முதல் நாள் அதையே கேளுங்கள். ஐஸ்கிரீமைக் குடிப்பதா, தின்பதா? ஒரு பிள்ளை கடிப்பேன் என்னும், ஒன்று நக்குவேன் என்னும், ஒன்று உறிஞ்சுவேன் என்னும். ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்து, என்ன ஆகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கூடவே ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியைக் கலக்கிக் காட்டுங்கள். பிள்ளைகள் இரண்டையும் ‘கரைந்துவிட்டது’ என்பார்கள். சீனி கரைகிறது, ஐஸ் உருகுகிறது. சீனிக்குத் தண்ணீர் வேண்டும், ஐஸுக்கு வெப்பம் போதும். இந்த ஒரு வேறுபாட்டை நாலு வயதில் கையால் தொட்டு அறிந்த பிள்ளைக்குப் பின்னால் விஞ்ஞானப் பாடத்தில் அதை யாரும் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாளுக்கு உமி. வயலுக்கும் அரிசி ஆலைக்கும் நடுவில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடக்கூடாது. ஒரே அளவான மூன்று ஐஸ் கட்டிகளை மூன்று சிரட்டைகளில் வையுங்கள். ஒன்றைத் திறந்தபடி விடுங்கள். ஒன்றைத் துணியால் சுற்றுங்கள். ஒன்றை உமிக்குள் புதையுங்கள். எது கடைசி வரை இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தான் நினைக்கும் சிரட்டைக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். துணி சுற்றியதற்குப் பக்கத்தில் அநேகமாக யாரும் வைக்க மாட்டார்கள். போர்த்தினால் சூடாகும் என்பதுதானே அவர்கள் அறிந்தது! கச்சான் வீசும் இந்த நாட்களில் (கடலையைச் சொல்லவில்லை, வறண்ட சூட்டுக் காற்றைச் சொல்கிறேன்) திறந்த சிரட்டை விரைவில் தண்ணீராகிவிடும். பிறகு உமியைக் கிளறிப் பார்க்கட்டும். துணியும் உமியும் சூட்டைக் கொடுப்பதில்லை, வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கின்றன. மீன் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று சொன்னால், தகப்பன் மீன் வியாபாரம் செய்யும் பிள்ளை அன்று உங்களுக்கே பாடம் நடத்தும். புளியங்கொட்டைகளை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்குக்குள் போடும் வயது.

மூன்றாம் நாளுக்கு நிற ஐஸ். மஞ்சள் கரைத்த நீரையும் பீற்றூட் சாற்றையும் ஐஸ் தட்டில் ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு ஐஸ்பழக் குச்சியைச் செருகி உறைய வையுங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் நல்ல தடிப்பு, அதில் கீறட்டும். முதலில் நிறம் சரியாக ஒட்டாது. ஐஸ் உருக உருகக் கோடு தடிக்கும். அவசரப்படும் பிள்ளைகள் மூச்சால் ஊதிப் பார்ப்பார்கள், உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பார்கள். அதற்குத்தான் இந்த விளையாட்டே. எல்லாம் முடிந்ததும் மஞ்சள் படத்தின் மேல் ஒரு தூரிகையால் சவர்க்கார நீரைத் தொட்டு வையுங்கள். தொட்ட இடம் செங்கபிலமாக மாறும். சவர்க்காரத்தின் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. காரணத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு தடவை என்று கேட்பார்கள், செய்ய விடுங்கள். சட்டையில் கறை படும் என்று முதல் நாளே வீட்டுக்குச் சொல்லி, பழைய உடுப்பில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சவர்க்காரச் செலவைப் பற்றிப் பேச்சு வரும்.

கைவேலை வேண்டுமென்றால் அதற்கும் கடையில் வாங்க ஒன்றுமில்லை. சவர நுரையையும் வெள்ளைப் பசையையும் கலந்து உப்பிய ஐஸ்கிரீம் ஓவியம் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் விலை கூட. அசல் ஐஸ்கிரீம் மாதிரியே இருப்பதால் மூன்று வயதுப் பிள்ளை அதை வாயில் வைக்காமல் விடாது. எனக்கு அதில் விருப்பமில்லை. கோனுக்குக் கச்சான் சுருள் இருக்கிறதே! திருவிழாவில் கச்சான் விற்பவர் கடதாசியை ஒரே சுழற்றில் சுருட்டுவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் சின்ன விரலுக்கு அது எளிதல்ல, அடிப்பக்கம் எப்போதும் திறந்துகொள்ளும். வட்டமாக வெட்டிய தாளைப் பாதியாகக் கிழித்து, நேர்விளிம்பின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினால் கோன் வந்துவிடும். அரைவட்டம் கோன் ஆவதைக் கண்டதும் தாளை விரித்து விரித்துப் பார்ப்பார்கள். கூழ் குடிக்கப் பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்துவோமே, அதையும் செய்து காட்டுங்கள். ஈர்க்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

மேலே வைக்கும் உருண்டைக்கு 2 கோப்பை கோதுமை மா, 1 கோப்பை தூள் உப்பு, கொஞ்சம் கொஞ்சமாக முக்கால் கோப்பைத் தண்ணீர். தண்ணீருக்குப் பதில் ஒரு பங்குக்குப் பீற்றூட் சாறு, ஒரு பங்குக்கு மஞ்சள் நீர். பிசைவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களுக்கு இதைவிடப் பயிற்சி இல்லை. அந்தத் தாய்க்குச் சொல்ல உங்களிடம் இருக்கும் முதல் பதிலும் இதுதான். பச்சை மாவும் இவ்வளவு உப்பும் வயிற்றுக்கு ஆகாது என்பதால் கண் வைத்திருங்கள். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு உருண்டை அடுக்கட்டும். ஐந்தாவது உருண்டையில் கோபுரம் சரியும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டிவரும்.

நான்காம் நாள் கடை. மேசையே கடை, சிப்பியோ புளியங்கொட்டையோ காசு. ஒரு உருண்டைக்கு 2, இரண்டுக்கு 4. கடைக்குப் பலகை வேண்டுமல்லவா? எழுத்து வருவது இங்கேதான்.

‘ஐ’க்கு அரிச்சுவடியில் என்ன படம் போடுகிறார்கள்? ஐந்து பேரை நிற்க வைத்து ‘ஐவர்’ என்கிறார்கள். எந்த வீட்டில் ஐவர் என்று பேசுகிறோம்? ஐந்தைக்கூட வாயால் ‘அஞ்சு’ என்றுதான் சொல்கிறோம், அதில் ஐ ஒலியே இல்லை. கோயிலுக்குப் போகும் பிள்ளைக்கு ஐயர் தெரியும். மற்றபடி நம் பிள்ளை தினமும் வாய் நிறையச் சொல்லும் ‘ஐ’ என்றால் ஐஸ் ஒன்றுதான். இதை விட்டுவிட்டு ஐவரைத் தேடி ஏன் போக வேண்டும்? பலகையில் பெரிதாக ‘ஐ’ எழுதி வையுங்கள். ஐஸ், ஐஸ்கிரீம், ஐஸ்பழம், ஐஸ் பக்கற் என்று அவர்களே அடுக்குவார்கள். பிறகு ஐயரும் ஐப்பசியும் ஐந்தும் பின்னால் வரட்டும். வளைவுகள் கூடிய எழுத்து என்பதால் கொப்பியில் எழுதச் சொல்லாதீர்கள். மாவைத் திரித்து வடிவம் செய்யட்டும், மணலில் விரலால் கீறட்டும்.

கடைசி நாள் உண்மையான ஐஸ்கிரீம். உங்கள் 2000 ரூபாயை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாக மூடக்கூடிய நான்கு சிறிய டின்கள், அவற்றை உள்ளே வைக்க மூடியுள்ள நான்கு பெரிய பால்மா டின்கள். சிறிய டின் ஒவ்வொன்றிலும் காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு கோப்பை, சீனி 2 மேசைக்கரண்டி, வனிலா சில துளிகள். சீனிக்குப் பதிலாக டின் பால் சேர்த்தால் இன்னும் மெதுமையாக வரும். பெரிய டின்னுக்குள் அதை வைத்து, சுற்றிவர உடைத்த ஐஸை நிரப்புங்கள். ஐந்து பிடி ஐஸுக்கு ஒரு பிடி உப்பு. மூடி, பழைய துவாயால் சுற்றி, பாயில் எதிரெதிரே மும்மூன்று பேராக இருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்ட வேண்டும். கால்மணி நேரமாவது வேண்டும், சில வேளை இன்னும் ஐந்து நிமிடம். ஒரு டின்னுக்கு ஆறு பேர், கணக்குச் சரி.

ஏன் உப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். சீனி சேர்ந்த பால் 0 பாகையில் உறையாது, அதைவிடக் குளிர் வேண்டும். உப்புப் போட்டால் ஐஸ் 0 பாகைக்குக் கீழேயும் உருகும். உருகத் தேவையான வெப்பத்தைப் பாலிலிருந்தே இழுத்துக்கொள்ளும். உப்பும் ஐஸும் நன்றாகச் சேர்ந்த கலவை −10 பாகைக்கும் கீழே போய்விடும், அதன் எல்லை −21 பாகை. அதனால்தான் துவாய். வெறுங்கையில் அந்த டின்னைப் பிடித்துக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும். உப்புப் போட்ட ஐஸைப் பிள்ளைகள் தொடவே கூடாது. மீன்காரரிடம் வாங்கும் ஐஸ் இதற்குப் போதும், வெளி டின்னோடு நிற்கட்டும், வாய்க்குப் போகக்கூடாது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பிள்ளையின் குழுவுக்கு முழுக்கத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். மேலே முழுக் கச்சான் தூவ வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சிறிய டின்னைத் திறக்கும் முன் மூடியைக் கழுவித் துடைக்க வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது அந்த அவசரத்தில் துடைக்கவில்லை. விளிம்பிலிருந்த உப்புநீர் உள்ளே போய்விட்டது. வரிசையாகத் துப்பினார்கள். ஒருத்தி மட்டும் கரண்டியை வழித்து நக்கி, “இது கடல் ஐஸ்கிரீம்” என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஒரு கதையும் சொல்லலாம். அமெரிக்காவில் 1905ஆம் ஆண்டு பிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுச் சிறுவன், குச்சியால் கலக்கிய பானத்தை இரவில் வீட்டு முகப்பில் மறந்து வைத்துவிட்டான். விடியும்போது அது குச்சியோடு உறைந்திருந்தது, ஐஸ்பழம் பிறந்தது என்பார்கள். கதை முடிந்ததும் நாமும் வைப்போம் என்று நச்சரிப்பார்கள். வையுங்கள். எங்கள் முன்பள்ளியில் ஒரு கோப்பை சர்பத்தைக் குச்சியோடு வாசலில் வைத்துவிட்டுப் போனோம். காலையில் அதைச் சுற்றி எறும்புகள் கூட்டம் போட்டிருந்தன. அங்கே உறைந்தது இங்கே ஏன் உறையவில்லை என்ற பேச்சு மதியம் வரை ஓடியது.

வண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுதான் என்னை உறுத்துகிறது. பத்தரைக்கு வண்டி நிற்கும்போது காசு கொண்டுவராத பிள்ளை எங்கே நிற்கிறது? வண்டிக்காரத் தம்பியிடம் பேசி, பள்ளி விட்ட பிறகு வரச் சொல்லுங்கள். அநேகமாக ஒத்துக்கொள்வார், அப்போது தாய்மாரும் இருப்பார்கள் அல்லவா, அவருக்கும் வியாபாரம். அந்த வாரத்துக்கு வீட்டிலிருந்து எதையும், ஒரு ரூபாயைக்கூட, கேட்காதீர்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தாயை மட்டும் கடைசி நாளுக்கு அழையுங்கள். டின் உருட்டும்போது பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் போதாது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். வாசலில் ‘ஐ’ எழுதிய பலகையைத் தாண்டித்தானே உள்ளே வருவார்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் உப்புத் தண்ணீரை எந்தச் செடியின் அடியிலும் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் வாசலில் நின்ற நந்தியாவட்டை அப்படித்தான் போனது.