கணவாய் வறுத்தால் வேலை போகுமா?

கேள்வி: மகள் சீன மொழி படிக்கிறாள். 'முதலாளி அவனுடைய கணவாயை வறுத்தார்' என்றால் வேலையை விட்டு நீக்கினார் என்று பொருளாம். கணவாய் மீனுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகி, குளச்சல்

பதில்: உங்கள் அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். ஊசிக்கணவாயை வளையமாக நறுக்கினால் இது தெரியாது. நீளவாக்கில் பிளந்து விரித்து, உள்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு துண்டும் பாய் போலச் சுருண்டுகொள்ளும். அந்தக் காலத்து வேலையாட்கள் சொந்தப் படுக்கையோடு வந்து முதலாளியின் இடத்தில் தங்குவார்கள். வேலை போனால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நாம் 'மூட்டையைக் கட்டு' என்கிறோமே, அதேதான். தெற்கே கான்டனீஸ் பேச்சில் பிறந்து பொதுச் சீனத்துக்கு வந்த வழக்கு இது.

சீனத்தில் 'சாவ் யோவ்யூ': சாவ் என்றால் வறு, யோவ்யூ என்றால் கணவாய். மகள் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. இது ஒரே சொல் போலத் தெரிந்தாலும் நடுவே பிரியும். நீக்கப்பட்டவரைக் கடைசியில் சேர்த்து 'கணவாய் வறுத்தார் அவனை' என்பது தப்பு. 'அவனுடைய' என்று இரண்டுக்கும் நடுவில் வரவேண்டும். வேலைக்காரரே வெறுத்துப்போய் விலகினால், முதலாளியின் கணவாயை அவர் வறுத்ததாகச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் அது.

கேள்வி: 'வினிகர் சாப்பிடுகிறாள்' என்றால்?
- வாசகர், தக்கலை

பதில்: பொறாமைப்படுகிறாள். ஆனால் காதலன், கணவன் போன்ற உறவில் வரும் பொறாமைக்குத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியதற்கு நமக்கு வரும் வயிற்றெரிச்சலுக்கு இது பொருந்தாது.

கேள்வி: சீனத்தில் 'டா' என்றால் அடி என்று படித்தேன். அகராதியைத் திறந்தால் பொருள் பக்கம் பக்கமாகப் போகிறதே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நம் 'அடி' மட்டும் என்னவாம்? போன் அடிக்கிறோம், பம்பில் தண்ணீர் அடிக்கிறோம், வெள்ளை அடிக்கிறோம். போனும் தண்ணீரும் சீனத்திலும் 'டா'தான். வெள்ளையடிக்க வேறு சொல். நாம் பிடிக்கும் குடையையோ அவர்கள் 'அடிக்கிறார்கள்'. அதனால் 'டா'வைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், பின்னால் வரும் பொருளோடு சேர்த்தே எழுதிப் படியுங்கள்.

'சோயா சாஸ் அடிப்பது' என்றால், தேங்காயெண்ணெய்க்கு நாம் குப்பி கொண்டுபோவதுபோலப் போய்ச் சில்லறையாக அளந்து வாங்குவது. 2008இல் தென்சீன நகரமான குவாங்சோவில், தெருவில் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் கருத்துக் கேட்டபோது, 'எனக்கென்ன சம்பந்தம்? சோயா சாஸ் வாங்க வந்தேன்' என்றார் ஒரு வழிப்போக்கர். அதிலிருந்து 'நான் சும்மா இந்தப் பக்கம் வந்தவன், என்னை இழுக்காதே' என்பதற்கும் அதையே சொல்கிறார்கள்.