தாயை யார் கேட்பது?

அன்புள்ள அக்கா,

என் தங்கச்சியின் மகளுக்கு 11 வயது. தகப்பனாலேயே பாலியல் கொடுமை நடந்தது. அவன் இப்போது விளக்கமறியலில். பிள்ளையை உளவளத்துணைக்குக் கூட்டிப்போகிறோம். தங்கச்சிதான் சாப்பாடு, நித்திரை இல்லாமல் கிடக்கிறாள். "ஒரே வீட்டில இருந்தவளுக்குத் தெரியாதா?" என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். இவளுக்கு உதவி எங்கே கிடைக்கும்?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

தெரியாமல் இருக்க முடியும். இப்படிச் செய்கிறவன் தாய் கடைக்குப் போகும் நேரத்தைக்கூடக் கணக்குப் பார்த்து வைத்திருப்பான். "சொன்னா அம்மா செத்துப்போவா" என்று பிள்ளையின் வாயையும் அடைத்திருப்பான். பிள்ளை வாய் திறந்ததும் உன் தங்கச்சி நம்பினாளே, அந்தப் பிள்ளை தேறி வர அதைவிடப் பெரிய மருந்து இல்லை. இதை அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லு.

சில வருடங்களுக்கு முன் அயல்வீட்டுப் பெண்ணோடு ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தேன். உள்ளே சட்ட வைத்திய அதிகாரி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கழற்றிவிட்டுப்போன செருப்பு இரண்டையும் அவள் மடியில் வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டார்கள். அந்தத் தாய் சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தங்கச்சி தனக்காகவே போகலாம், பிள்ளையைக் கூட்டிப்போகத் தேவையில்லை. அங்கேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் பார்க்கட்டும். உழைத்தவன் உள்ளே போனபின் அடுப்பு எரிவதும் ஒரு பிரச்சினைதானே. அரச ஆஸ்பத்திரிகளில் நடக்கும் 'நட்பு நிலையம்' வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் இடம். இரவில் மனம் தாங்காவிட்டால் மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுக்கச் சொல்லு.

அவன் பிணையில் வந்தால் என்ன செய்வது என்ற பயமும் அவளுக்கு இருக்கும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவன் வீட்டுக்குள் கால் வைக்காமல் தடுக்க அதில் இடமுண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்கை விடச் சொல்லி மாமியார் வீட்டார் மிரட்டினால் உடனே பொலிஸில் சொல்லுங்கள். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம்.

பிள்ளையிடம் என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டாம். சொந்தக்காரர் வந்தால் நீயே வாசலில் மறித்துப் பேசி அனுப்பு.

அடுத்த தவணைக்கு நீயும் கூடப் போ. தங்கச்சிக்கென்று ஒரு சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா