மலாவி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் குடும்பத்தோடு வரலாமா?

தம்பி, மஞ்சக்குப்பத்தில் பார்க்கிற டாக்டர் வேலையை விட்டுவிட்டு, மனைவி, ஆறு வயது மகளோடு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வரலாமா, இங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கடலூர் முதுநகர்தான். வீட்டுக்காரர் இங்கே மிஷன் டாக்டர். பிள்ளைகள் வளர்ந்ததும் இங்கேதான்.

காலை ஜெபம், ரவுண்ட்ஸ், தியேட்டர், ஓ.பி. எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். ஆட்கள்தான் வேறு. இந்த நாட்டில் சிசேரியன்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது டிப்ளமா படித்த கிளினிக்கல் ஆபீசர்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள மனசிருந்தால் பிழைத்தீர்கள். 'நான் டாக்டர்' என்று விறைத்து நின்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், கை கொடுக்கவும் மாட்டார்கள். நர்ஸ்கள் குறைவு. அதனால் நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் வந்து தங்குவார். குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, விறகு மூட்டி மக்காச்சோளக் களி கிண்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் கஷ்டம். மழையோடு மலேரியா ஏறும். போன அறுவடைச் சோளமும் அப்போதுதான் தீரும். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடப்பார்கள். அந்த மாதங்களில் வீட்டுக்காரரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிர்பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். துவரை இங்கே விளைந்து இந்தியாவுக்கே கப்பல் ஏறுகிறது. முருங்கை, புளி இரண்டும் உண்டு. மலாவி ஏரியில் பிடிக்கும் உசிபா என்ற பொடி மீனின் கருவாடு நம்மூர் நெத்திலிக்கு ஈடு என்பேன், என் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். குக்கர் கேஸ்கட்டும் பெருங்காயமும் எடுத்து வாருங்கள். மகளை ஏரியில் கண்ட இடத்தில் இறங்க விடாதீர்கள், நத்தை வழியாகப் பரவும் புழு நோய் இருக்கிறது. அப்புறம், சம்பளம் இந்த ஊர்ப் பணமான குவாச்சாவிலா டாலரிலா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 2023 நவம்பரில் சுமார் 1,180 குவாச்சாவாக இருந்த டாலர் ஒரே அடியில் 1,700க்குப் போனது.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி, என் தங்கச்சி மாதிரி, அவர் என்ன செய்யப் போகிறார்? உங்கள் வேலை பெர்மிட்டை வைத்து அவர் சம்பள வேலை பார்க்க முடியாது, அவருக்குத் தனியாக வாங்க வேண்டும். நீங்கள் தியேட்டரில் இருக்கும்போது வாசலில் "ஓடீ", அதாவது உள்ளே வரலாமா, என்று குரல் வரும். முதுகில் சித்தேஞ்சே துணியால் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். பஸ் காசு, பள்ளிக்கூட ஃபீஸ், ஒரு படி மாவு, ஏதோ ஒன்று வேண்டும். ஆம் இல்லை சொல்ல வேண்டியவர் தங்கச்சிதான். காசு கிடையாது, மாவும் சோப்பும் உண்டு என்று நான் வைத்திருக்கிறேன். இவர் பின்வாசலில் நோட்டை நீட்டிவிடுவார், அதில் எங்களுக்குள் சண்டை வராத மாதமில்லை. திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர்களைப் பற்றி நம் பாட்டிமார் எத்தனையோ கதை சொல்வார்கள். துரைசானி பொழுதெல்லாம் என்ன செய்தாள் என்று ஒரு கதையிலும் வராது.

மகளுக்கு இரண்டு வருஷம் வீட்டுப் பாடமே போதும். பெரிய வகுப்பானால்தான் பிளான்டயர் மாதிரி ஊரில் ஹாஸ்டல் தேட வேண்டிவரும், நாங்கள் அதைச் செய்தோம், எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் தங்கச்சியையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் கூட இருக்க வேண்டாம். இங்கே சாயங்காலம் ஆறு என்றால் கடலூரில் ஒன்பதரை. ஞாயிறு ஆராதனை மத்தியானம் தாண்டும், சனிக்கிழமை தோது.