கடையில் கழிந்த 2 வருடத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் 6 வருடம் பின்னலாடைக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டருக்கான நூல், சாயம் எல்லாம் நேரத்துக்கு வருகிறதா என்று பின்தொடர்பவர்) இருந்தேன். 2020 ஜூனில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போனது. அப்புறம் மாமனாரின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது பழைய தொழிலுக்கே திரும்ப நினைக்கிறேன். இடைவெளியைக் கேட்டால் என்ன சொல்வது? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, மளிகைக் கடையை ஏன் மறைக்கிறீர்கள்? நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் நான். 2020இல் வேலை போனதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மழுப்பினால்தான் சந்தேகம் வரும். சப்ளையரிடம் சரக்கு வாங்கியது, கடன் நோட்டு வசூல், ஜி.எஸ்.டி. பில் எல்லாவற்றையும் பயோடேட்டாவில் எழுதுங்கள். நூலுக்கும் சாயத்துக்கும் விரட்டியவர் பருப்புக்கு விரட்டினீர்கள், அவ்வளவுதான்! சம்பளம் மட்டும் பழைய கணக்கில் கேட்காதீர்கள். இன்றைய நிலவரத்தைப் பழைய சகாக்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை தேவை. உங்களிடம் 6 இருக்கிறது. பி.எஃப். கணக்கோடு சேரும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்த 6 வருடமும் போய்விடும். கொரோனா காலத்தில் பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுத்திருந்தால் பயமில்லை, அது சேவைக் காலத்தைத் தொடாது. யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) கம்பெனி மாறினாலும் மாறாது, புதிய கம்பெனியில் அதையே கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குமுன் பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இங்கேதான் சிக்குகிறது. பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழிந்தவர்கள் தாங்களே இணையத்தில் பதியலாம். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும்.