சுருட்டை முடிக்கு ரீபாண்டிங்கா, கெரட்டினா?

சுருண்டு பரட்டையாக நிற்கும் முடிக்குப் பார்லரில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், நானோபிளாஸ்டியா என்று பல பெயர்களைச் சொல்லிக் குழப்புகிறார்கள், எதைச் செய்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்கள் எத்தனை இருந்தாலும் செயல்முறைகள் ஏறத்தாழ இரண்டுதான்.

முதலாவது, ரீபாண்டிங். முடிக்கு வடிவம் கொடுப்பவை அதன் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். முதலில் பூசும் க்ரீமிலுள்ள தயோகிளைகோலேட் அவற்றை உடைக்கிறது. அதன்பின் அயர்ன் செய்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரால் அதே நேர்வடிவத்தில் மீண்டும் பிணைக்கிறார்கள். நம் ஊர்ப் பார்லர்களில் ஸ்மூத்தனிங் என்று செய்வதும் பெரும்பாலும் இதே வேலைதான், மருந்து மட்டும் சற்று மென்மையாக இருக்கும். இப்படி நேராக்கிய முடி பழைய சுருளுக்குத் திரும்பாது. ஆனால் வேரிலிருந்து மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் புதுமுடி சுருண்டேதான் வரும்.

அக்காவின் திருமணத்திற்காக நான் ரீபாண்டிங் செய்துகொண்டபோது இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபின் திருமணப் புகைப்படங்களில் முடி பட்டுப்போல விழுந்திருந்தது உண்மைதான். ஆறாவது மாதத்தில் உச்சந்தலையில் நான்கு விரல் அகலத்திற்குச் சுருட்டையும், அதற்குக் கீழே ஈர்க்குச்சி போன்ற நேர்முடியுமாக, இரண்டு பேரின் தலையை ஒட்டவைத்ததுபோல் ஆகிவிட்டது. சீப்பு வைத்தால் அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் முடி அறுந்தது. கடைசியில் தோள்வரை வெட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வகையான கெரட்டின், நானோபிளாஸ்டியா போன்றவை பொதுவாகக் கந்தகப் பிணைப்பை உடைப்பதில்லை. சுருள் முற்றிலும் நேராகாமல் தளர்ந்து, பரட்டை அடங்கும். மூன்று முதல் ஐந்து மாதங்களில் தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கரைந்துபோவதால் எனக்கு நேர்ந்ததுபோல் முடி இரண்டு பாகமாகத் தெரியாது. உங்கள் குறை சுருள் அல்ல, பரட்டைதான் என்றால் இந்த வகையே பொருந்தும் என்பது என் கருத்து.

இதில் கவனிக்க வேண்டியது மருந்துப் புட்டியின் லேபிள். கெரட்டின் என்று பெயர் இருந்தாலும், 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் முடியைப் படிய வைப்பது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்சிலிக் அமிலம்தான். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. லேபிளில் அது ஃபார்மலின் என்றோ மெத்திலீன் கிளைகால் என்றோ மறைந்திருக்கலாம். அயர்ன் செய்யும்போது கண் எரிந்து தொண்டை கரித்தால் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம். "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று விற்கப்படுபவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருப்பது வழக்கம். அதைத் தலையில் பூசிக்கொண்ட ஒவ்வொரு முறையும் ஓர் இளம்பெண்ணின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2024இல் வெளியிட்டது. ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் இதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. மற்றவர்களும் உச்சந்தலைத் தோலில் மருந்து படாமல் பூசச் சொல்லுங்கள்.

தலைக்கு மருதாணியோ சாயமோ போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கறுப்பு மருதாணி என்று பாக்கெட்டில் வருபவற்றில் உலோக உப்பு இருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி முறியக்கூடும். (உலர்ந்த சுருட்டை முடியை வாரினால் நல்ல முடியும் பரட்டையாகும். ஈரமாக இருக்கும்போது கண்டிஷனர் தடவி, அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து ஒரு மாதம் பாருங்கள். பார்லர் செலவே தேவைப்படாமல் போகலாம்.)

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பிடரியில் உட்புறமாக ஒரு சிறு கற்றையில் மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதை நனைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். விட்டதும் சுருங்கிப் பழைய நீளத்திற்கு வந்தால் முழுத் தலைக்கும் செய்துகொள்ளலாம்; ரப்பர் போல நீண்டு அப்படியே தொங்கினாலோ, கையோடு வந்தாலோ, அந்த மருந்தை உங்கள் முடி தாங்காது.